கண்ணாயிரம் மென்றுகொண்டிருக்கிறார்

செத்துப்போனால் வேலை முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் மனிதர்கள் இத்தனை காலமாகத் தைரியமாகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள். நைனார்பாளையம் செந்தமிழ்ச்செல்விக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. கணவர் கண்ணாயிரம் போய்ச் சேர்ந்து, காரியம் எல்லாம் ஒழுங்காக நடந்து, நடுவீட்டில் இலை போட்டுப் படையல் வைத்துக் கதவைச் சாத்திய அன்றைக்குத்தான் அதில் ஓட்டை விழுந்தது.

படையல் விஷயத்தில் அந்தப் பக்கத்து ஜனங்கள் ரொம்பக் கறார். போனவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் அவர் வந்துபோனதற்கு ஓர் அடையாளம் இருக்கவேண்டும். சோற்றில் விரல் பட்ட பள்ளம், கலங்கிய குழம்பு, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பல்லியாவது கத்தவேண்டும். செல்வி கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். உயிரோடு இருந்தவரை கண்ணாயிரம் களி உருண்டையைப் பார்த்ததும் கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி போடுவார். அதில் குழம்பை ஊற்றுவது செல்வியின் வேலை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. புருஷனும் பெண்டாட்டியும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அந்தக் குழியும் குழம்பும்தான் அவர்களுக்குள் பேச்சு.

கதவைத் திறந்தபோது களி, கிண்டி இறக்கிய மாதிரியே மொழுமொழுவென்று உட்கார்ந்திருந்தது. பல்லி கத்தவில்லை. மதில்மேல் வைத்த ஒரு பிடிக் களியைக் காக்கை ஒன்று வந்து பார்த்தது. பார்த்துவிட்டு, எதிர்வீட்டு மாடியில் காய்ந்த வடகத்தைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

கண்ணாயிரத்தின் அக்கா பச்சையம்மாள் மூக்கைச் சிந்திவிட்டுக் காரணத்தைச் சொன்னாள். “அவன் எப்டிடீ வருவான்? வாய்க்கரிசிய நாமளா போட்டோம்? நமக்கு முன்னியே ஆபீஸ்காரன் போட்டுட்டான். அரிசி போட்டவன் வூட்டுலதான் உசுரு நிக்கும்.”

அவள் சொன்னது வெறும் வாய்ச்சொல் அல்ல. நடந்ததே அப்படித்தான்.

கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைகின்றன. மலைக்காரர்கள் அதை அப்படியே சோறாக்கித் தின்றுவிடுகிறார்கள் என்ற செய்தி எங்கோ ஒரு கூட்டத்தில் தெரியவந்து, பெரிய மனிதர்களை மிகவும் வருத்தியது. உடனே ‘மலைச் சிறுதானிய மொறுமொறுப்பு வாரியம்’ என்று ஒன்று பிறந்தது. தானிய அவலோடு வேர்க்கடலை, பூசணி விதை, தேன், கொஞ்சம் எண்ணெய் எல்லாம் பிசறி, ஈரம் போக வாட்டி எடுத்தால் அதற்குக் கிரானோலா என்று பெயர். அதைக் காலையில் பாலில் போட்டுத் தின்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். வாரியம் மகளிர் குழுக்களுக்கெல்லாம், சூட்டுக் காற்றில் வாட்டியெடுக்கிற ஏர் பிரையர் மெஷின் கொடுத்தது. நைனார்பாளையத்தில் அதை மழைக்காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஈர சாக்ஸைக் காயவைக்கப் பயன்படுத்தினார்கள். மிச்ச நேரத்தில் கிரானோலா செய்தார்கள்.

செய்ததை வாரியம் ஆய்வு செய்யும். அந்த ஆய்வு மையம் கரியாலூரில் இருந்தது. கல்வராயன் மலையிலேயே மூடுபனி அதிகம் விழுகிற மேட்டைத் தேடிப்பிடித்துக் கட்டியிருந்தார்கள். அங்கே அப்பளத்தைப் பொரித்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் துணியாகிவிடும். “பனியிலும் மொறுமொறுப்பதே மொறுமொறுப்பு” என்று வாசலில் எழுதியிருந்தது. உள்ளே ஓர் அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி. நாற்காலியில் ஆய்வாளர் கண்ணாயிரம். கதவைச் சாத்திக்கொண்டு அவர் ஒரு பிடியை வாயில் போட்டு மெல்லவேண்டும். வெளியே நிற்கும் மூன்று அதிகாரிகளின் காதிலும் சத்தம் விழுந்தால் சான்று உண்டு. விழாவிட்டால் இல்லை.

கண்ணாயிரம் இதில் நேர்மை என்றால் அப்படி ஒரு நேர்மை. செல்வியின் சொந்தத் தம்பி கொண்டுவந்த டப்பாவையே மென்றுவிட்டுச் சத்தம் வராமல் சும்மா இருந்தவர். தம்பி அதோடு அக்கா வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். நாள் பூராவும் கடித்துக் கடித்து வலதுபக்கக் கடைவாய்ப்பல் ஆடிப்போயிருந்தது. அதனால்தான் வீட்டுக்கு வந்தால், “இங்கயாச்சும் பல்லுக்கு லீவு குடு செல்வி” என்று களிதான் கேட்பார். ஒருநாள் மத்தியானம் அந்த நாற்காலியிலேயே, வாயில் ஒரு பிடி கிரானோலாவோடு மாரடைத்துப் போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து வாய்க்கரிசி போட வாயைத் திறந்தால், உள்ளே ஏற்கெனவே வாரியத்தின் தினை அவல் இருந்தது. ஆளுக்கொரு பக்கம் அழுதுகொண்டிருந்ததில் அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதன்மேலேயே அரிசியைப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

களி அப்படியே இருந்த செய்தி ஊரில் பரவிய மறுநாள், ஆய்வு மையத்தின் வாட்ச்மேன் சின்னராசு மலையிலிருந்து இறங்கி வந்தான். தலையில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

“அண்ணி, கோவிச்சிக்காதீங்க. அண்ணன் அங்கதான் கீறாரு.”

“எங்க?”

“ஆபீஸ்லங்க. போட்டோவுக்கு மாலை போட்டுட்டு, மனசு கேக்காம ஒரு பிடி எடுத்து மேச மேல வச்சிட்டு கதவ சாத்துனேன். உள்ள மொறுக்கு மொறுக்குன்னு சத்தம். தொறந்து பாத்தா ஆளில்ல. பிடியும் இல்ல. டைரக்டர் ஐயாகிட்ட சொன்னது என் தப்புதான். அன்னிலேருந்து தெனம் டப்பா டப்பாவா உள்ள வச்சிக்கினு கீறாங்க.”

செல்வி முதலில் அவனைக் குடித்திருக்கிறானா என்று பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

*

கச்சிராயபாளையம் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, கரியாலூரில் பஸ் நின்றபோது மத்தியானமே பனியில் மசங்கலாக இருந்தது. மையத்தின் சுவர்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கதவு தெரிந்தது. வராண்டாவில் மூன்று அதிகாரிகள் கோவிலில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு, காதைக் கதவுப் பக்கம் சாய்த்து நின்றார்கள். நடுவில் நின்றவர் வாரியத்தின் இயக்குநர் பிரவீன்குமார். சின்ன வயசு, இஸ்திரி கலையாத சட்டை.

உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள். க்கும்.

செல்வி நடுவழியிலேயே நின்றுவிட்டாள். இலை முன்னால் உட்கார்ந்ததும், சாப்பிட அனுமதி கேட்பது மாதிரி அவர் செருமுகிற செருமல் அது. அப்புறம் மொறுக், மொறுக், மொறுக். இடது பக்கமாக மெல்லுகிற, கொஞ்சம் நொண்டுகிற சத்தம். முடிந்ததும் மேசையில் விரலால் இரண்டு தட்டு.

“தேர்ச்சி,” என்றார் பிரவீன்குமார். சின்னராசு கதவைத் திறந்தான். காலி நாற்காலி. போட்டோவில் மாலை வாடியிருந்தது. மேசைக்கடியில் அவருடைய செருப்பு, கழற்றிவிட்டது கழற்றிவிட்டபடியே, நாற்காலியைப் பார்த்துக் கிடந்தது. அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“ஐயா, நான் அவரோட வீட்டம்மா,” என்றாள். “அவுரு செத்துட்டாருங்க.”

பிரவீன்குமார் அவளை மரியாதையாக உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

“அம்மா, அவர் இறந்துட்டார்ங்கறது டாக்டரோட கருத்து. அதை நாங்க மதிக்கறோம். ஆனா ஒரு வாரியம்னு இருந்தா அதுக்குன்னு சொந்தமா ஒரு கருத்து இருக்கணும் இல்லையா? அவர் ஒரு ஆய்வை ஆரம்பிச்சார், இன்னும் முடிக்கல. ஆரம்பிச்ச ஆய்வை முடிக்காம இங்க இருந்து யாரும் வெளிய போனதில்ல.”

“நாங்கதானே எரிச்சிட்டு வந்தோம்?”

“உடம்பை நாங்க கேக்கவே இல்லையே. அது முழுக்க உங்க குடும்பத்துக்குத்தான். எங்களுக்குச் சத்தம் மட்டும் போதும்.” அவர் இதைப் பெருந்தன்மையோடு சொன்னார். “இன்னொரு விஷயம். பயனாளிகள், அதாவது டப்பா கொண்டுவர்றவங்க மட்டும்தான் வராண்டாவுல நிக்கலாம். அடுத்த தடவை வெறுங்கையோட வராதீங்க.”

சம்பளம், பென்ஷன் பற்றியெல்லாம் வாரியம் சொன்ன விளக்கத்தை எழுதினால் அது தனிக் கதையாகிவிடும். படிப்பவர்களுக்கும் ரத்தக் கொதிப்பு இருக்கலாம் என்பதால் விட்டுவிடுகிறேன்.

*

நைனார்பாளையத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சுபைரின் மனைவி ஷர்புன்னிசா, செல்வியின் குழுத் தலைவி. ஏர் பிரையர் அவள் வீட்டில்தான் இருந்தது. செல்வி போய் விஷயத்தைச் சொன்னதும், சாக்ஸ் காய்ந்துகொண்டிருந்த கூடையை வெளியே இழுத்துக் கழுவிவைத்தாள்.

“எங்களுக்கு இந்தப் படையல், காக்கா எல்லாம் கெடையாது செல்வி. ஆனா ஒரு மனுசன வூட்டுக்கு அனுப்பாம புடிச்சி வச்சிக்கிறது எந்த மார்க்கத்துலயும் அநியாயந்தான். நீ டப்பா எடுத்துக்கினு போ. மொதல்ல ஒரு தபா கேட்டுட்டு வா.”

முதல் தடவை மெஷினை ஓட்டியதும் தெரு விளக்குகள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தன. உள்ளே சுற்றிய காற்றில் அவல் எல்லாம் மேலே பறந்துபோய்ச் சூட்டுக் கம்பியில் ஒட்டிக் கருகிப் பிணவாடை அடித்தது. அடுத்த தடவை தினை அவலோடு தேனைக் கொஞ்சம் தாராளமாக விட்டுப் பிசறினாள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கனமாகிவிட்டதால் பறக்கவில்லை. மெல்லிசாகப் பரப்பி, சூட்டைக் குறைத்து, பாதியில் இழுத்து ஒரு குலுக்குக் குலுக்கி மறுபடி தள்ளினாள். வாசனை நன்றாகத்தான் வந்தது. எடுத்து வாயில் போட்டால் பஞ்சுமிட்டாய் மாதிரி மெத்தென்று இருந்தது. செல்விக்கு அழுகை வந்துவிட்டது.

“அவுசரப்படாத. ஆறட்டும்,” என்றாள் ஷர்புன்னிசா. “சூட்டுல இது இப்டித்தான் இருக்கும். ஆறுனாத்தான் மொறுமொறுக்கும்.”

ஆறியது. மொறுமொறுத்தது. இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினாள். சின்னராசு உள்ளே வைத்துத் திறந்துவிட்டு, ஓட்டமாக வெளியே வந்து கதவைச் சாத்தினான். க்கும் என்ற செருமல். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. வாசனையிலேயே யார் கை என்று தெரிந்துவிட்டதோ என்னவோ. பிறகு ஒரு மொறுக். ரொம்ப மெதுவாக, வீணாக்கக்கூடாது என்பதுபோல இன்னொரு மொறுக். டப்பாவைக் காலியாக்கிவிட்டுத்தான் மேசையில் தட்டினார்.

செல்வி வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் களி தின்னும்போது அவருக்குச் சத்தமே வராது. இத்தனை வருஷத்தில் அவர் மெல்லுகிற சத்தத்தை அவள் இப்போதுதான் கேட்கிறாள். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அவளுக்கு அது பிடித்திருந்தது. அதற்கப்புறம் வாரம் தவறாமல் டப்பாவும் கையுமாக மலை ஏறினாள். பச்சையம்மாள் கேட்டால், “குழு வேலையா போயிக்கினு கீறேன் அண்ணி” என்பாள். அவரை வீட்டுக்குக் கூட்டிவரவேண்டும் என்று கிளம்பியவள், அவர் அங்கேயே இருக்கட்டும் என்று நினைக்க ஆரம்பித்திருந்தாள். ஆசை அப்படித்தான், முதலில் நியாயத்தைத்தான் தின்னும்.

*

வாரியமும் அதே முடிவுக்கு வந்திருந்தது, வேறு வழியில்.

முதலில் கண்ணாயிரத்துக்கு வருகைப் பதிவு வேண்டும் என்றார்கள். கைரேகைக் கருவியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ‘மீண்டும் முயற்சிக்கவும்’ என்று கருவி பேசியது. மீண்டும் முயற்சி செய்யச் சொல்கிறது என்றால் முதலில் யாரோ முயற்சி செய்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்? வருகை பதிவானதாக ஏற்கப்பட்டது. அடுத்து அவருடைய நடத்தை பற்றிய ரகசியக் குறிப்பில், ‘அமைதியானவர், கோரிக்கை எதுவும் இல்லாதவர்’ என்று எழுதினார்கள். பிறகு சிறந்த ஊழியர் விருது. அதற்கு ஒரு விழா. காலி நாற்காலியைத் தூக்கிவந்து மேடையில் போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். பனியில் நனைந்த பொன்னாடை, யாரோ உள்ளே குனிந்து உட்கார்ந்திருப்பதுபோலத் தோளும் முதுகுமாக மடிந்து நின்றது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் ஊழியர் எழுந்து பின்வரிசைக்குப் போய்விட்டார்.

பிரவீன்குமார் மைக்கைப் பிடித்தார்.

“உயிரோட இருக்கற ஊழியர்கள்கிட்ட மூணு குறை இருக்கு. வருவாங்க. வந்தா பேசுவாங்க. பேசினா கேள்வி கேப்பாங்க. கண்ணாயிரம் சார்கிட்ட இந்த மூணும் இல்ல. அவர் லீவு கேட்டதில்ல. மதியச் சாப்பாட்டுக்குப் போனதில்ல, ஏன்னா சாப்பாடே அவர் வேலைதான். நான் இந்தப் பதவிக்கு வந்த நாள்ல இருந்து உயிருள்ள ஒருத்தர்கிட்ட இப்படி ஒரு ஒத்துழைப்பைப் பார்த்ததில்ல. அதனால ஊழியர்களாகிய உங்க எல்லாருக்கும் நான் அன்போட வைக்கிற வேண்டுகோள்...”

இங்கே அவர் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். கூட்டத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

“...அவரை முன்மாதிரியா எடுத்துக்கங்க.”

கைதட்டல் கேட்டது. தட்டாதவர்களை அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

விருது கிடைத்த கையோடு வேலையும் ஏறியது. மற்ற மாவட்டங்களில் இருந்து முறுக்கு, தட்டை, பிஸ்கட், வறுத்த சோளம் எல்லாம் வேன் வேனாகக் கரியாலூருக்கு வந்தன. கொறிப்பதற்குச் சம்பந்தமில்லாத கூரை ஓட்டுத் துண்டுகளைக்கூட ஒரு கம்பெனி உறுதி பார்க்க அனுப்பியதாகச் சின்னராசு சொன்னான். உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது மட்டும்தான் வாரியத்தின் வேலை. அதையும் சின்னராசுதான் செய்தான்.

அந்த வாரம் செல்வி டப்பாவோடு போனபோது வராண்டாவில் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. அவள் முறை வர வெகுநேரம் ஆயிற்று. உள்ளே இருந்து வந்த சத்தம் முன்மாதிரி இல்லை. ஒரு மொறுக். நீண்ட இடைவெளி. இன்னொரு மொறுக். அப்புறம், பல்லிடுக்கில் காற்றை இழுக்கும் ஒரு ‘ஸ்ஸ்’.

அந்த ‘ஸ்ஸ்’ அவளுக்குத் தெரியும். கடைவாய்ப்பல் வலித்தால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குக் கேட்கக்கூடாது என்று திரும்பி உட்கார்ந்து அப்படி இழுப்பார். எரித்துச் சாம்பலாக்கி ஆற்றில் கரைத்த மனுஷனுக்குப் பல்வலி தீரவில்லை. செல்விக்கு இத்தனை வாரமும் இந்த வாயில்தானே தானும் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து திணித்தோம் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. கையில் இருந்த டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

“அவுர வுட்ருங்கய்யா. பல்லு நோவுது அவுருக்கு.”

பிரவீன்குமாருக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

“நான் விடமாட்டேன்னு சொல்லலையேம்மா. விதி இருக்கு. வயசு முடிஞ்சா ஓய்வு. ஆனா அவருக்கு இனிமே வயசு ஏறாதே. ராஜினாமா பண்ணலாம். அதுக்கு நேர்ல வந்து என் கண் முன்னாடி கையெழுத்துப் போடணும். மூணாவது, பொய்ச் சான்று குடுத்தா அந்த நிமிஷமே வேலை நீக்கம். அதை உங்க வீட்டுக்காரர் செய்ய மாட்டார். அதானே அவரோட பிரச்சினையே.”

“பொய்ச் சான்று குடுத்தா வூட்டுக்கு அனுப்பிடுவீங்களா? இங்க எல்லாரும்...”

“உயிரோட இருக்கறவங்க குடுத்தா அது கருத்து வேறுபாடு,” என்றார் அவர். “விசாரிப்போம், விசாரிச்சுக்கிட்டே இருப்போம். கண்ணாயிரம் மாதிரி ஆளு குடுத்தா மன்னிக்கவே முடியாது.”

*

செல்வி அந்தத் தடவை கிரானோலாவை முன்னெப்போதும் செய்யாத பதத்தில் செய்தாள். கெடுப்பதற்குத்தான் என்றாலும் அவருக்கு வைக்கிறது, கண்டதையும் வைக்க மனசு வரவில்லை. ஆறவைத்து, டப்பாவில் போட்டு, மூடியை மட்டும் ஷர்புன்னிசா கையில் கொடுத்துவிட்டாள்.

“நல்லது செய்யறதவுட செஞ்ச நல்லத கெடுக்கறதுக்குத்தான் மனசு ஜாஸ்தி வேணும்,” என்றாள் ஷர்புன்னிசா. மூடியை முந்தானையில் முடிந்துகொண்டு கூடவே பஸ் ஏறினாள்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் செல்வி ஜன்னலைத் திறந்து டப்பாவை மடியில் ஏந்திக்கொண்டாள். ஒவ்வொரு வளைவுக்கும் பனி உள்ளே வந்து உட்கார்ந்தது. கரியாலூரில் இறங்கும்போது உள்ளே இருந்தது, திருவிழா முடிந்து மறந்துபோன பொரி மாதிரி நமத்துக் குழைந்திருந்தது. பிரவீன்குமார் ஒரு துண்டை எடுத்து அழுத்திப் பார்த்தார். அமுங்கியது அமுங்கியபடியே இருந்தது. மற்ற இரண்டு அதிகாரிகளும் அழுத்திப் பார்த்தார்கள்.

“இதைப் போய் ஆய்வுக்கு வைக்கணுமாம்மா?”

“வைங்கய்யா.”

சின்னராசு வைத்துவிட்டு வந்து கதவைச் சாத்தினான். மூன்று காதுகள் சாய்ந்தன.

க்கும்.

அப்புறம் ஒன்றுமில்லை. பனி கதவிடுக்கு வழியாக உள்ளே போவதும் வருவதுமாக இருந்தது, யாரோ மூச்சு விடுவதுபோல. அதிகாரிகளில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். “தோல்வி,” என்று பிரவீன்குமார் வாயெடுத்தார்.

செல்வி யாரையும் கேட்காமல் முன்னால் போய்க் கதவில் நெற்றியை வைத்தாள்.

“இன்னாங்க. நான்தான். அது நமத்துப்போச்சி, எனக்குந் தெரியும். உங்க வாயால பொய்யே வராது, அதுவுந் தெரியும். என் தம்பிக்கே நீங்க சொல்லல. அதுக்கு நான் கோவிச்சிக்கினு ஒரு மாசம் பேசல. இப்ப கேக்கறேன். எனக்காவ ஒரே ஒரு தபா. ஒரு சத்தம் குடுத்துட்டு எழுந்து வாங்க. இங்க வாரா வாரம் வந்து கேட்டுக்கினே இருந்துடலாம்னு நெனச்சேங்க. தப்புதான். எனக்கு இனிமே உங்க சத்தம் கேக்காது, பரவால்ல. வூட்டுக்கு வாங்க. களி கிண்டி வச்சிட்டு வந்துக்கிறேன்.”

உள்ளே நாற்காலி லேசாக முனகியது.

மொறுக்.

பாறை உடைந்த மாதிரி ஒரு மொறுக். வராண்டாவில் அடுக்கியிருந்த பெட்டிகள் அதிர்ந்தன. மொறுக், மொறுக், மொறுக். நமத்துக் குழைந்த அந்த அவலை, நன்றாகக் காய்ந்த வறுகடலையைக் கடிப்பதுபோல, நொண்டாமல் நிறுத்தாமல், வெட்கமே இல்லாமல் கடித்துத் தள்ளினார். அப்புறம் மேசையில் இரண்டு தட்டு.

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாலி கட்டிய நாளிலிருந்து அவளுக்காக அவர் செய்த ஒரே ஒரு தப்பு அது.

பிரவீன்குமார் தன் விரலில் ஒட்டியிருந்த ஈர அவலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். “இவ்வளவு வருஷ சர்வீஸ்ல ஒரு கறை இல்லாத மனுஷன்,” என்றார். “செத்தப்புறம் கெட்டுப்போயிட்டாரே!” அங்கேயே, மூன்று பேர் காதிலும் விழும்படி, வேலை நீக்கத்தை அறிவித்தார்.

கதவைத் திறந்தார்கள். அறை வெறும் அறையாக இருந்தது. மேசைக்கடியில் கிடந்த செருப்பு மட்டும் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. செல்வி அதை எடுத்து மண்ணைத் தட்டிப் பையில் வைத்துக்கொண்டாள்.

பின்னால், பிரவீன்குமார் சின்னராசுவின் தோளில் கைபோட்டு அன்பாக விசாரிப்பது கேட்டது. “உங்களுக்கு என்ன வயசாகுது? அடிக்கடி இருமறீங்களே, நெஞ்சு வலி ஏதாவது உண்டா? பல்லெல்லாம் நல்லா இருக்கா?”

சின்னராசு சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, செல்விக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

இறங்குகிற பஸ்ஸில் ஷர்புன்னிசா தானாகவே பின் சீட்டுக்குப் போனாள். செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைக்காமல் காலியாக விட்டாள். கண்டக்டர் வந்தார்.

“பக்கத்துல ஆள் வராங்களாம்மா?”

“ம்.”

“லேடீஸுக்கு டிக்கெட் இல்லம்மா, சும்மா ஒக்காருங்க.”

“எனக்கு வேணாங்க. அவுருக்கு ஒண்ணு குடுங்க, நைனார்பாளையத்துக்கு.”

“இந்த வண்டி கள்ளக்குறிச்சி வரைக்கும்தாம்மா.”

“அப்ப அதுவரைக்கும் குடுங்க. அப்பால மாறிக்கிறோம்.”

கண்டக்டர் காலி இடத்தைப் பார்த்தார். கல்வராயன் மலைப் பாதை வண்டிகளில் வேலை பார்க்கிறவர்கள் இதற்கெல்லாம் மறுகேள்வி கேட்பதில்லை. கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

*

சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே நடுவீட்டில் இலை போட்டாள். களி, கருவாட்டுக் குழம்பு. செருப்பை வாசற்படிக்கு வெளியே, அவர் விடுகிற இடத்தில் விட்டாள். பச்சையம்மாளும் ஷர்புன்னிசாவும் முற்றத்தில் நின்றார்கள். கதவைச் சாத்திவிட்டு செல்வி அதன்மேல் காதை வைத்தாள்.

செருமல் கேட்குமா என்று பார்த்தாள். கேட்கவில்லை. அனுமதி கேட்டுச் சாப்பிட்டது போதும் என்று நினைத்தாரோ என்னவோ. மெல்லுகிற சத்தம் இல்லை, பல்வலிக்குக் காற்றை இழுக்கிற சத்தம் இல்லை, மேசையில் தட்டு இல்லை. எவ்வளவு நேரம் நின்றாளோ, கதவின் மறுபக்கம் நிம்மதியாக ஒரு வீடு இருந்தது, அவ்வளவுதான். இனிமேல் எந்தக் கதவிலும் காதை வைக்க வேண்டியதில்லை என்று தெரிந்தபோது அவள் கொஞ்சம் அழுதாள்.

மதில்மேல் காக்கை வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை வடகத்தைப் பார்க்கவில்லை.

கதவைத் திறந்தாள். களியின் நடுவில், கட்டைவிரல் பட்ட ஒரு குழி, சுத்தமாக, ஆழமாக, வெறுமனே இருந்தது. குழம்பு ஊற்ற ஆள் வரட்டும் என்று விட்டுவைத்த மாதிரி.

“வந்தாரா?” என்று முற்றத்திலிருந்து ஷர்புன்னிசா கேட்டாள்.

“வந்தாரு.”

“ஒரு சத்தமும் கேக்கலியே செல்வி?”

“களிக்கு இன்னாக்கா சத்தம்,” என்றாள் செல்வி. கரண்டியை எடுத்து அந்தக் குழி நிறையக் குழம்பை ஊற்றிவிட்டு, இலைக்கு எதிரே உட்கார்ந்தாள்.